பழைய கோட்-ஸ்கர்ட் சூட்: வாங்குவோரும் உடுத்துவோரும் விற்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1930களின் நடுப்பகுதி முதல் 1960களின் கடைசி வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தைக்கப்பட்ட பெண்களுக்கான கம்பளி சூட்களைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். நம்மூரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. அதனால் சூட்டின் மேல்பகுதியை இங்கே கோட் என்றே சொல்கிறோம். கையில் ஒரு சூட் இருந்தால் அதன் உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு படியுங்கள். பாதிப் பதில்கள் அங்கேதான் இருக்கின்றன.

1. எத்தனை வருஷம் பழசானா 'விண்டேஜ்'? எங்க பெரியம்மாவோட 1998 கோட்டு சேருமா?

சேரும். விற்பனை வழக்கில் 20 ஆண்டுக்கு மேற்பட்டது விண்டேஜ். எட்ஸி தளம் வைத்திருக்கும் விதியும் அதுதான். 100 ஆண்டைத் தாண்டினால் ஆன்டிக்.

ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் 1960களுக்கு முந்தையதை. அதன் பிறகு கோட்டின் முன்பக்கத்துக்குள் கேன்வாஸ் வைத்துக் கையால் தைக்கும் வேலை குறைந்து, பசையுள்ள துணியைச் சூடுவைத்து ஒட்டுவது பெருகியது. ஒட்டியது நாளாவட்டத்தில் பிரிந்து, மேல்துணியில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

2. லேபிள்ல 14னு இருக்கு. எனக்கும் 14தான். கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

வேண்டாம். அந்த 14 வேறு, இந்த 14 வேறு. தையல் பட்டர்ன்களையே பாருங்கள்: 1960களின் நடுப்பகுதியில் 12 என்றால் மார்பு 32 இஞ்ச், அந்தப் பத்தாண்டின் கடைசியில் அதே 12 என்றால் 34 இஞ்ச். அமெரிக்க அரசு 1958இல் பெண்களுக்கான அளவுத் தரம் ஒன்றை வெளியிட்டது. அதைப் பின்பற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கம்பெனிகள் எண்களைத் தங்கள் இஷ்டத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டே வந்தன. 1983இல் அந்தத் தரமே விலக்கிக்கொள்ளப்பட்டது.

பொதுவாக, இன்று நீங்கள் போடும் எண்ணைவிடப் பழைய எண் பெரியதாக இருக்கும். எண்ணை மறந்துவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள்.

3. சரி, எங்கெங்க அளக்கணும்? விக்கிறவங்க மார்பு, இடுப்பு மட்டும்தான் சொல்றாங்க.

அது போதாது. கோட்டைப் பட்டன் போட்டு மேசையில் சமமாக விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிறகு இடை, முதுகின் குறுக்களவு (கைத் தையலிலிருந்து கைத் தையல் வரை), தோள் தையலின் நீளம், கை நீளம், மேல்கைச் சுற்றளவு, பின்கழுத்திலிருந்து கோட்டின் நீளம். ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டி, அதிலிருந்து 8 இஞ்ச் கீழே பின்புறச் சுற்றளவு, நீளம், மடித்துத் தைத்த ஹெம்மிங் எத்தனை இஞ்ச்.

உங்கள் உடல் அளவைவிடக் கோட்டின் மார்பு 3 முதல் 4 இஞ்ச் கூடுதலாக வேண்டும். ஸ்கர்ட் இடுப்பில் 1 இஞ்ச், பின்புறத்தில் 2 இஞ்ச் கூடுதல். பலர் ஏமாறுவது மார்பில் அல்ல, மேல்கையிலும் முதுகிலும்தான். அந்தக் காலக் கோட்டுகளில் கைக்குழி அக்குளுக்கு மிக அருகே, உயரமாக வெட்டப்பட்டிருக்கும். அளவு சரியாக அமைந்தால் கையைத் தூக்கினாலும் கோட் மேலேறாது, அதுதான் அந்த வெட்டின் அழகு. மேல்கையில் அரை இஞ்ச் குறைந்தாலோ கையை மடக்கவே முடியாது. விற்பவர் இந்த இரண்டு அளவையும் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

4. எந்த வருஷத்து சூட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே தடயத்தை நம்பாதீர்கள். இரண்டு மூன்று தடயங்கள் ஒரே திசையைக் காட்டினால்தான் நம்பலாம். முதலில் லேபிள்களைத் தேடுங்கள். காலருக்குக் கீழே இருப்பது கடையின் பெயர். நமக்கு அதைவிட உதவுபவை பக்கத் தையலிலும் கையின் லைனிங்கிலும் உள்பையிலும் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னப் பட்டிகள்.

அமெரிக்கத் துணியில் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.ஜி.டபிள்யூ.யு. பட்டி அடிக்கடி கிடைக்கும். அதில் ஏ.எஃப்.எல்., சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டின் பெயரும் சேர்ந்து இருந்தால் அது 1955 டிசம்பருக்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த இரண்டு கூட்டமைப்புகளும் இணைந்ததே அப்போதுதான். சிவப்பு-வெள்ளை-நீல நிறப் பட்டி என்றால் 1974க்குப் பிறகு. 'டபிள்யூ.பி.எல்.' என்று தொடங்கும் எண் இருந்தால், கம்பளிப் பொருள் லேபிள் சட்டம் நடைமுறைக்கு வந்த 1941க்குப் பிந்தைய உடை. எல்லா நூலிழையும் இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1960க்குப் பிறகு. எப்படித் துவைக்க வேண்டும் என்று நிரந்தரப் பட்டி தைத்திருந்தால் 1972க்குப் பிறகு.

நீலக் கழுகு முத்திரையில் ஒரு பொறி உண்டு. தேசிய மீட்புச் சட்டத்தின் கழுகு 1933 முதல் 1935 வரைதான் இருந்தது, அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. ஆனால் கோட்-சூட் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு 'மீட்பு வாரியம்' அமைத்து, அதன் பட்டியைப் பின்னரும் பல ஆண்டுகள் தைத்துவந்தார்கள். அந்தப் பட்டியைக் காட்டி 1950களின் கோட்டை '1934' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

5. ஜிப் மெட்டல்னா நாற்பதுகள்தானே?

அல்ல. மெட்டல் ஜிப் 1930களின் பிற்பாதியில் பெண்கள் உடைக்குள் வந்து 1960களின் நடுப்பகுதி வரை ஓடியது. நைலான் சுருள் ஜிப் வந்தது 1960களின் தொடக்கத்தில். எனவே மெட்டல் ஜிப் மேல் எல்லையைத்தான் சொல்லும். ஸ்கர்ட்டின் இடப்பக்கத் தையலில் ஜிப் இருந்தால் முந்தையதாகவும், பின்நடுவில் இருந்தால் பிந்தையதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். போர்க்காலத்தில் உலோகம் கிடைக்காததால் ஊக்கும் பிரஸ் பட்டனும் வைத்து முடித்திருப்பார்கள்.

ஜிப் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்றும் பாருங்கள். அருகில் வெறும் ஊசித்துளை வரிசை இருந்தாலோ, ஜிப்பைத் தைத்த நூல் மட்டும் பளபளத்தாலோ மாற்றப்பட்டது என்று பொருள்.

6. போர்க்கால சூட்னா துணி மிச்சம் பிடிச்சு மட்டமா தைச்சதுதானே? ஏன் இவ்வளவு விலை?

துணியை மிச்சம் பிடித்தார்கள் என்பது உண்மை, மட்டம் என்பது உண்மையில்லை. பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்குக் கூப்பன் முறை வந்தது. அதே ஆண்டில் 'யுடிலிட்டி' திட்டமும் வந்தது. அந்த உடைகளில் சிசி41 முத்திரை இருக்கும்: இரண்டு வட்டங்களிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்தாற்போல ஒரு வடிவம், பக்கத்தில் 41. துணியின் தரமும் விலையும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்ததால் சாதாரண வேலைக்காரப் பெண்ணுக்கும் நல்ல கம்பளி கிடைத்தது. 1942இல் ஹார்டி ஏமிஸ், நார்மன் ஹார்ட்னெல், டிக்பி மார்ட்டன், விக்டர் ஸ்டீபல் போன்ற லண்டன் வடிவமைப்பாளர்களையே கொண்டு மாதிரிகள் வரையச் செய்தார்கள். திட்டம் 1952 வரை நீடித்தது. ஆகவே சிசி41 என்றதும் 'போர்க்காலம்' என்று எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 1942 ஏப்ரலில் எல்-85 என்ற ஆணை வந்தது. கோட்டின் நீளம் 25 இஞ்ச்சைத் தாண்டக் கூடாது, ஹெம்மிங் 2 இஞ்ச்சைத் தாண்டக் கூடாது என்பது போன்ற கணக்குகள். அந்தக் கட்டுக்குள்ளேயே சதுரத் தோள், ஒடுங்கிய இடை, கோடுகளைத் திருப்பித் திருப்பி வைத்து உண்டாக்கிய கோலம் என்று தையல்காரர்கள் காட்டிய கைத்திறனுக்காகத்தான் அந்த விலை. எம்ஜிஎம் படங்களுக்கு உடை வடிவமைத்த ஏட்ரியன் 1942இல் பெவர்லி ஹில்ஸில் கடை திறந்து தைத்த சூட்கள் இதற்கு உச்சம். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் வடிவமைப்பாளர் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டியதும் தோள் சரிந்தது, ஸ்கர்ட் அகன்றது. அதன் பிறகு வந்தவற்றில் ஹெம்மிங் தாராளமாக இருக்கும்.

7. லேபிளே இல்ல. அப்போ மதிப்பு கிடையாதா?

உண்டு. நல்ல தனித் தையல்காரர் தைத்த சூட்டில் லேபிள் இல்லாமலே இருக்கலாம். கோட்டின் காலரைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாய்வாக வெட்டிய துணியில், வரிசை வரிசையாக எள்ளளவு குழிகள் தெரிந்தால் அது உள்ளே கேன்வாஸைக் கையால் பிடித்துத் தைத்த அடையாளம். லேப்பல் (மார்பின் மேல் மடிந்து விழும் பகுதி) இஸ்திரி மடிப்பு இல்லாமல் தானாக உருண்டு படியும். அடுத்து, கடைசிக் காஜாவுக்குக் கீழே கோட்டின் முன்பக்கத்தைக் கிள்ளி இரண்டு அடுக்கையும் பிரித்துப் பாருங்கள். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கேன்வாஸ். எல்லாம் அட்டை போல ஒன்றாக வந்தால் ஒட்டியது.

பிறகு காஜா. நூலால் கட்டாமல் அதே துணியின் இரண்டு மெல்லிய உதடுகளாகச் செய்திருந்தால் வேலை தெரிந்த கை. பையின் மேல் கோடும் கட்டமும் உடம்புத் துணியோடு பொருந்துகிறதா, லைனிங்கின் பின்நடுவில் அசைவுக்காக ஒரு மடிப்பு விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓவர்லாக் இருந்தால் பழையதல்ல என்று சிலர் சொல்வார்கள். தவறு. ஓவர்லாக் மெஷின் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

8. லேபிள்ல 'பாரிஸ்'னு இருக்கு. பாரிஸ்ல தைச்சதுதானே?

கட்டாயமில்லை. 1930களில் தொடங்கிய லில்லி ஆன் கம்பெனியின் லேபிளில் பாரிஸும் சான் பிரான்சிஸ்கோவும் சேர்ந்தே இருக்கும். கம்பெனி இருந்தது சான் பிரான்சிஸ்கோவில், பிரெஞ்சுத் துணியை வரவழைத்தார்கள். இது தவிர, அமெரிக்கப் பெருங்கடைகள் பாரிஸ் மாடல்களைப் பணம் கொடுத்து வாங்கி, முறைப்படி நகலெடுத்து விற்றன. அந்த நகல்களும் இன்று நல்ல விலை போகின்றன, ஆனால் அசல் விலைக்கு அல்ல.

லேபிளை வேறு உடையிலிருந்து பிரித்து ஒட்டுத் தைப்பதும் நடக்கிறது. லேபிளின் ஓரத்தில் பழைய துளைகள் இருந்து, லைனிங்கில் அதற்கு நேராகத் துளை இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். லேபிளைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் அடியிலிருக்கும் லைனிங் சுற்றியுள்ளதைவிட நிறம் மங்காமல் இருக்க வேண்டும். பாரிஸ் வடிவமைப்பாளர் ஷனேலின் லேபிள் என்றால், 1954இல் அவர் மீண்டும் தொடங்கிய பிறகு வந்த கோட்டுகளில் லைனிங் மேல்துணியோடு சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைக்கப்பட்டு, கீழ் ஓரத்தின் உள்ளே சங்கிலி ஓடும். சங்கிலி மட்டும் இருந்து மற்றது இல்லையென்றால் ஷனேல் அல்ல.

9. வாங்கி வந்ததும் முதல்ல என்ன செய்யணும்? பீரோவுல பாச்சை உருண்டை போட்டு வெச்சா போதுமா?

முதலில் மற்றத் துணிகளிலிருந்து பிரித்து வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுதான் கம்பளியைத் தின்கிறது, பறக்கும் பூச்சி தின்பதில்லை. காலருக்கு அடியிலும் பை மடிப்பிலும் ஸ்கர்ட் பட்டிக்குள்ளும் மணல் போன்ற எச்சம், நூலாம்படை போன்ற கூடு, அரைகுறையாய்த் தின்ற குழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வேர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான் புழு முதலில் தேடும்.

பிறகு உறைய வையுங்கள். துணியைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப் ஒட்டி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த துணியின் மேல் ஈரம் படியும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓரங்களைத் துடையுங்கள்.

பாச்சை உருண்டை வேண்டாம். நாப்தலின் வாசனை கம்பளியிலிருந்து போக மாதக்கணக்காகும், சில பிளாஸ்டிக் பட்டன்களை இளக்கிவிடும், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரண்டு வகை உருண்டைகளைக் கலந்து போட்டால் உருகி எண்ணெய்க் கறையே விழும்.

10. வீட்டுலயே துவைக்கலாமா?

கோட்டைத் துவைக்கக் கூடாது. மேல்துணி, கேன்வாஸ், தோள் பேட், லைனிங் நான்கும் நான்கு விதமாகச் சுருங்கும். ரேயான் கிரேப் தண்ணீர் பட்டதும் சுருங்கும், ரேயான் ஈரமாக இருக்கும்போது இழுத்தால் கிழியும். எது என்ன துணி என்று தெரியாவிட்டால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் நொறுங்கும் சாம்பலும் என்றால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிந்தாற்போல் என்றால் ரேயான் அல்லது பருத்தி. உருகிப் புளித்த காடி வாசனை வந்தால் அசிட்டேட். அசிட்டேட் லைனிங்கில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு சொட்டுப் பட்டாலும் ஓட்டை.

டிரை வாஷுக்குக் கொடுக்குமுன் பட்டனையும் பெல்ட்டையும் கழற்றி வையுங்கள், சில பழைய பிளாஸ்டிக் அந்த ரசாயனத்தில் கரையும். தோள் பேட் ஃபோம் என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

11. நாத்தம் போகவே மாட்டேங்குது. என்ன செய்ய?

நிழலில், காற்றோட்டத்தில் மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தோளும் மடிப்பும் வெளுத்துவிடும். அக்குள் வாசனைக்கு நாடக உடைப் பிரிவுகளில் நெடுநாளாகச் செய்வது, தண்ணீர் கலக்காத வோட்காவை லைனிங்கின் மேல் லேசாகத் தெளித்துக் காயவிடுவது. முதலில் உள்தையலில் ஒரு ஓரத்தில் சோதியுங்கள், சாயம் நகர்ந்தால் நிறுத்திவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த துணியின் வாசனை முழுதாகப் போகாது. அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

12. இடுப்புல ஒரு இஞ்ச் பத்தல. பிரிச்சு விட முடியுமா?

உள்தையலில் விட்ட துணி எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்துக்கு முக்கால் இஞ்ச் இருந்தால் ஸ்கர்ட்டில் ஒரு இஞ்ச் தாராளமாகக் கிடைக்கும். பிரிக்குமுன் தையலை லேசாகத் திறந்து, உள்ளே மறைந்திருந்த துணியின் நிறத்தை வெளியோடு ஒப்பிடுங்கள். வெளி மங்கியிருந்தால் பிரித்த இடம் கோடாகத் தெரியும். பழைய ஊசித்துளைகள் கம்பளியில் ஆவி காட்டினால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், பட்டிலும் நெருக்கமான கேபர்டீனிலும் மூடாது.

தோளையும் கைக்குழியையும் தொடாதீர்கள். அங்கே கை வைத்தால் கோட்டையே மறுபடி கட்ட வேண்டும். சுருக்குவதாக இருந்தாலும் துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்தால் அடுத்து வருபவர் பிரித்துக்கொள்ளலாம். நூல் பருத்தியோ பட்டோ போதும். பாலியெஸ்டர் நூல் பழைய துணியைவிட வலுவாக இருப்பதால், இழுபடும்போது நூல் அறுவதற்குப் பதில் துணி அறுபடும்.

13. போட்டுட்டு வேலைக்குப் போகலாமா, இல்ல பாத்துக்கிட்டே இருக்கணுமா?

நல்ல நிலையிலுள்ள கம்பளி சூட் உடுத்தத்தான். முதல்முறை போடுமுன் வீட்டில் உட்கார்ந்து, குனிந்து, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். துணிக்கு முன்னால் நூல்தான் இற்றுப்போகும். முதுகு நடுத் தையலும் அக்குளும் ஸ்கர்ட் பின்பிளவின் உச்சியும் முதலில் விடும். அந்த மூன்றையும் முன்கூட்டியே பலப்படுத்திவிடுங்கள். அக்குளில் பருத்தி வேர்வைப் பட்டை வைத்து நாலு தையல் போட்டால் லைனிங் பிழைக்கும். ஸ்கர்ட்டுக்குள் வழுக்கும் உள்பாவாடை கட்டாயம். அடுத்தடுத்த நாள் போடாமல் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

பட்டு லைனிங் விரல் பட்டாலே நீளவாட்டில் வெடித்தால் உடுத்த வேண்டாம். எடைக்காகத் தகர உப்பு ஏற்றிய பட்டு அது. இழையே சிதைந்துவிட்டதால் தைக்கத் தைக்கப் பக்கத்தில் வெடிக்கும். லைனிங்கை மாற்றலாம், பழையதை உறையில் போட்டு சூட்டோடு வையுங்கள்.

14. நான் சென்னையில இருக்கேன். இந்த ஊர் ஈரத்துல கம்பளி தாங்குமா?

தாங்கும், கவனித்தால். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். விலை குறைந்த ஈரமானி ஒன்றைப் பீரோவுக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒருமுறை காயவைத்து மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, பழைய வேட்டித் துணியில் உறை தைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குத் தோள் அகலமுள்ள, பஞ்சு சுற்றிய ஹேங்கர். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து 9ஆம் கேள்வியில் சொன்ன இடங்களைப் பாருங்கள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு: பயன்படுத்திய துணி இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் இருக்கிறது. சுங்கத்தில் பார்சல் நின்றுபோகலாம்.

15. விக்கும்போது என்ன எழுதணும்? சின்ன ஓட்டையையும் சொல்லணுமா?

சொல்ல வேண்டும், படமும் போட வேண்டும். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் வாங்குபவருக்கு அளவு புரியும். முன், பின், உள்பக்கம், லேபிள்கள், காலரின் அடி, அக்குள், ஜிப், ஹெம்மிங் என்று குறைந்தது எட்டுப் படம். 3ஆம் கேள்வியின் அளவுகள் அத்தனையும் எழுதுங்கள், 'விரித்து வைத்து அளந்தது' என்று சேர்த்து. ஆண்டு உறுதியில்லை என்றால் '1940களின் பிற்பாதி, ஜிப்பையும் பட்டியையும் வைத்து' என்று காரணத்தோடு எழுதுங்கள். 'டெட்ஸ்டாக்' என்பது கடையில் விற்காமல் கிடந்த, யாரும் உடுத்தாத சரக்குக்கு மட்டும் பொருந்தும் சொல்.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பெரிய அளவு சூட்கள் அரிதாகக் கிடைப்பதால் அதே தரத்துச் சிறிய அளவைவிட வேகமாகப் போகும்.

16. காலர்ல சிறுத்தைத் தோல் வெச்ச கோட்டு. பழசுதானே, வித்தா என்ன?

பழசு என்பது தானாக விலக்கு தராது. 1950, 60களில் சிறுத்தைத் தோல் காலர் சகஜம். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்த பிறகு அதை நாடு விட்டு நாடு விற்க அனுமதிச் சான்று தேவை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பதே குற்றமாகலாம். தெரியாமல் பட்டியலிடாதீர்கள். அச்சிட்ட முயல் தோலா, உண்மையான சிறுத்தையா என்று அறிய முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். அடித்தோல் வரை நிறம் முடியோடு மாறினால் உண்மை, நுனியில் மட்டும் சாயம் என்றால் அச்சு.

17. கோட்டு மட்டும்தான் இருக்கு, ஸ்கர்ட் இல்ல. வேற ஸ்கர்ட் சேர்த்து 'சூட்'னு விக்கலாமா?

கூடாது. ஒரே கம்பெனி, ஒரே நீலம் என்றாலும் வேறு தானில் வெட்டியது வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். இரண்டின் உள்தையல் ஓரத்தையும் அடுத்தடுத்து வைத்து, நெசவின் அடர்த்தியையும் நூலின் நிறத்தையும் லைனிங்கையும் ஒப்பிடுங்கள். சேர்ந்து பிறந்தவை என்றால் மூன்றும் ஒத்துப்போகும். தனிக் கோட்டாகவே பட்டியலிடுங்கள். ஸ்கர்ட் இல்லாத நல்ல 1940களின் கோட்டை, அதே துணியில் ஸ்கர்ட் வைத்துக்கொண்டு கோட்டைத் தேடும் ஒருவர் எங்காவது பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் அடையாளம் காண, துணியின் நெசவை ஓர் இஞ்ச் அளவுகோலோடு மிக அருகில் படமெடுத்துப் போடுங்கள்.